ஃபுல்சம் என்று ஒரு சோப்பு

டைப்பிஸ்டம்மாவுக்குக் குமட்டல் சட்டென்று வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் விரலைச் சூப்பினால் போதும், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். பேருந்தில் யாராவது காறும் சத்தம் கேட்டால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடப்பாள். இப்படிப்பட்டவளுக்கு வேலை வாய்த்தது சோப்புத் தொழிற்சாலையில். சோப்பு என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு வாசனைதான் நினைவுக்கு வரும். உள்ளே வந்து பார்த்தால் தெரியும் சங்கதி. பின்கட்டில் பீப்பாய் பீப்பாயாகக் கொழுப்பு வந்து இறங்கும். அதைப் பெரிய கொப்பரைகளில் போட்டுச் சோடாக் காரம் சேர்த்துக் காய்ச்சும்போது, எண்ணெய்ச் சட்டியைக் கழுவாமல் வெயிலில் போட்டு வைத்த மாதிரி ஒரு வாடை எழும்பும். அப்புறம்தான் அதன் தலையில் ரோஜா வாசனையைக் கொட்டுவார்கள். கொழுப்பு வாடையைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அந்த வாடையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ரோஜாதான் அவளுக்கு ஆகாது.

அவள் இடம் முதல் மாடியில், முதலாளியின் கண்ணாடி அறைக்கு வெளியே. தட்டச்சு இயந்திரம் பழைய இரும்புக்காரனிடம் போய் வருஷக்கணக்காகிவிட்டது. கணினி வந்து, அதுவும் பழசாகி, புதிது வந்துவிட்டது. பேர் மட்டும் மாறவில்லை. வாசல் காவலர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்டம்மாதான். அவள் வீட்டுக்காரர் லாரி பட்டறையில் மெக்கானிக். அவசரத்துக்குத் தொழிற்சாலைக்குப் போன் போட்டால் அவரே "டைப்பிஸ்டம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்.

மாடியில் இருப்பவர்களுக்கு முதலாளியைக் குளிர வைப்பதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம். முதலாளி தும்மினால் மேனேஜர் கைக்குட்டையை நீட்டுவார். கணக்குப்பிள்ளை ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார். 'என்ன கம்பீரமான தும்மல் சார்' என்று யாரும் சொல்லாததுதான் பாக்கி. முதலாளி ஒரு பழைய ஜோக்கைச் சொன்னால், முடிவதற்கு முன்பே சிரிப்பு கிளம்பிவிடும். கீழே பேக்கிங் கூடத்தில் வாயாடி என்று ஒருத்தி உண்டு. பேருக்கேற்ற வாய். அவள் சொல்வாள்: "கீழ நாம சோப்பு செய்யறோம். மேல அவங்க சோப்பு போடறாங்க. நம்ம சோப்புலயாவது நுரை அடங்கும்."

டைப்பிஸ்டம்மாவுக்கு அந்த ஜால்ரா சத்தம் காதில் விழுந்தாலே உடம்பு கூசும். ஆனால் ஒரு விஷயத்தை அவள் யோசித்ததில்லை. தொழிற்சாலையில் எந்த விழா நடந்தாலும் மைக்கைப் பிடிப்பது அவள்தான். குரல் கணீரென்று இருக்கும். "ஏழைகளின் இதயத்தில் குடியிருக்கும் எங்கள் முதலாளி" என்று மேனேஜர் எழுதிக் கொடுத்ததை ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். எழுதினது அவர், நான் வாசிக்க மட்டும்தானே செய்கிறேன் என்பது அவள் கணக்கு. கசாப்புக் கடையில் தராசு மட்டும் பிடிக்கிறவள் போல ஒரு நினைப்பு.

அவளுக்கு இன்னொரு பித்தும் உண்டு. ஆங்கிலம். அதற்கும் மேனேஜர்தான் காரணம். ஒருமுறை இவர்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் போனில் வந்தபோது, மேனேஜர் சீட்டில் இல்லாததால் இவள் எடுத்துப் பேசினாள். தட்டுத் தடுமாறித்தான் பேசினாள், ஆனால் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மேனேஜர் திரும்பி வந்து ரிசீவரை வாங்கி, காதில் வைப்பதற்கு முன் கைக்குட்டையால் துடைத்தார். பேசி முடித்துவிட்டு, "டைப்பிஸ்டம்மா இங்கிலீஷ் பேசறது ஈரச் சோப்பு மேல நடக்கற மாதிரி இருக்கு" என்றார். மாடியே சிரித்தது. அன்றைக்கு ஏறிய வீம்பு இறங்கவே இல்லை. செய்திச் சேனலில் காதில் விழுகிற பெரிய வார்த்தை எதையாவது பிடித்துக்கொள்வாள். சமையல் செய்யும்போது, துணி காயப்போடும்போது, வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டே இருப்பாள். பிறகு யாரிடமாவது ஒருமுறை அதை எடுத்துவிட்டால்தான் அவளுக்குத் திருப்தி. அர்த்தத்தைப் பெரும்பாலும் அவளே ஊகித்துக்கொள்வாள். பாதி நேரம் சரியாகவும் இருக்கும்.

அப்படித்தான் 'ஃபுல்சம்' அவள் வாயில் வந்து விழுந்தது. எங்கோ ஒரு நாட்டு மந்திரி இன்னொரு நாட்டுத் தலைவரை மேடையில் பாராட்டியதைப் பற்றி செய்தி வாசிக்கிற பெண் சொன்னாள்: "ஃபுல்சம் ப்ரெய்ஸ்." ப்ரெய்ஸ் என்றால் புகழ்ச்சி, அது தெரியும். ஃபுல் என்றால் நிறைய, அது பெட்ரோல் போடுகிறவனுக்கும் தெரியும். அப்புறம் என்ன, நிறைந்த புகழ்ச்சி, மனசாரப் பாராட்டுவது. அவளுக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் பிடித்துவிட்டது. சொல்லும்போதே கன்னம் ரெண்டும் உப்பிக்கொள்கிறது!

அந்தச் சமயத்தில் முதலாளிக்கு ஒரு வர்த்தகக் கண்காட்சியில் விருது கிடைத்தது. பாராட்டு விழா ஏற்பாடானது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் வந்திருந்ததால் பாதி நிகழ்ச்சி ஆங்கிலத்தில். டைப்பிஸ்டம்மா மேனேஜர் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு வாசித்தவள், ஒரு இடத்தில் தாளைவிட்டுத் தலையைத் தூக்கி, தன் சொந்தச் சரக்கை இறக்கினாள். "இப்போது எங்கள் மேனேஜர், முதலாளி அவர்களுக்கு ஃபுல்சம் ப்ரெய்ஸ் வழங்குவார்" என்று ஆங்கிலத்தில் கணீரென்று அறிவித்தாள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டுக் கம்பெனிப் பெண்மணிக்குத் திடீரென்று இருமல் வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடை ஏறிக்கொண்டிருந்த மேனேஜரின் உதட்டோரம் ஒரு கணம் வெட்டி இழுத்தது. பிறகு அவர் மைக்கைப் பிடித்து, சூரியன் உதிப்பதே முதலாளி எழுந்துவிட்டாரா என்று பார்க்கத்தான் என்கிற ரீதியில் பேசி முடித்தார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

மறுநாள் முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டார். "என்னம்மா அது, நேத்து ஒரு வார்த்தை சொன்னீங்களே?"

"ஃபுல்சம் சார்."

"ஃபுல்... சம். என்ன அர்த்தம்?"

"குறையே இல்லாம, மனசு நிறைஞ்சு, அள்ளி அள்ளிக் குடுக்கறது சார்."

முதலாளி அந்த வார்த்தையை மிட்டாய் மாதிரி நாக்கில் புரட்டினார். "நம்ம புது சோப்புக்கு விளம்பரக்காரர் என்னென்னமோ பேரு சொல்லிட்டு இருக்காரு. ஒண்ணும் மனசுல ஒட்டல. இது எப்படி இருக்கு பாருங்க. ஃபுல்சம்! குளிச்சிட்டு வந்தவன் சொல்ற மாதிரி இருக்கு."

அன்று மதியமே கூட்டம் போட்டார். குடுமி வைத்த விளம்பரக்காரர் பேரைக் கேட்டதும் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, கண்ணை மூடித் திறந்து, "இது எனக்குத் தோணாமப் போச்சே சார்" என்றார். மேனேஜர் "இனிமே பேருக்காக மூளையக் கசக்கவே வேணாம்" என்றார். அப்படியாக ஒரு இளஞ்சிவப்புக் குளியல் சோப்புக்குப் பேர் வந்தது. அச்சு வெட்டினார்கள். உறை அடித்தார்கள். ஊர் முழுக்க விளம்பரப் பலகை எழும்பியது. ஒரு நடிகை கன்னத்தில் நுரையோடு சிரித்தாள். டைப்பிஸ்டம்மா பேருந்தில் போகும்போது அந்தப் பலகையைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவளிடம் 'அது என் வார்த்தை' என்று சொல்லத் துடித்து, சொல்லாமல் அடக்கிக்கொள்வாள். முதல் பெட்டியிலிருந்து எடுத்த சோப்புகளை வீட்டுக்குக் கொண்டுபோய், குளியலறையில் ஒன்று, கை கழுவும் இடத்தில் ஒன்று என்று வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வீட்டுக்காரரின் தங்கை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள். அவள் வந்தால் டைப்பிஸ்டம்மா பெரிய வார்த்தைகளைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுவாள். திருத்தினால் யார் தாங்குவது? சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன நாத்தனார் வெகுநேரம் வரவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் கையெல்லாம் ஈரம் சொட்ட, சோப்பு உறையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, இதுக்கு எந்தப் புண்ணியவான் பேரு வெச்சான்?"

டைப்பிஸ்டம்மா உறையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ஏன், பேருக்கு என்ன? முதலாளிதான் வெச்சாரு."

"இதுக்கு அர்த்தம் தெரிஞ்சுதான் வெச்சாரா? இதோட அர்த்தமே குமட்டறது அண்ணி. குமட்டல் சோப்புன்னு பேரு வெச்சா எவன் போட்டுக் குளிப்பான்?"

"நிறையன்னுதானே அர்த்தம்? நிறைஞ்ச புகழ்ச்சி?"

நாத்தனார் உட்கார்ந்துகொண்டாள். வகுப்பெடுக்கிற குரல் வந்துவிட்டது. "நான் வந்து, அண்ணி, உங்க குழம்பு நல்லா இருக்குன்னு சொன்னா அது புகழ்ச்சி. ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னா அது நிறைஞ்ச புகழ்ச்சி. ஆனா, அடடா, உங்க வீட்டு ஈ கூட என்ன பணிவாப் பறக்குது அண்ணி, இந்த வீட்டுத் தூசியில கூட ஒரு தெய்வீகம் தெரியுதுன்னு சொன்னேன்னு வைங்க, உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"செருப்பால அடிக்கணும் போல இருக்கும்."

"வயித்தப் புரட்டுதில்ல? அதான் ஃபுல்சம். அளவு மீறின, பொய்யான, கேக்கறவனுக்கே ஓங்கரிப்பு வர்ற புகழ்ச்சி. ஒருத்தரைத் திட்டணும்னாத்தான் இந்த வார்த்தையப் போடுவாங்க."

நாத்தனார் போனில் அகராதியையும் திறந்து காட்டினாள். ஆதியில் அந்த வார்த்தைக்கு 'ஏராளம்' என்ற அர்த்தமும் இருந்திருக்கிறது. அப்புறம் தெவிட்டல், அருவருப்பு என்று சரிந்து வந்திருக்கிறது. "இப்பவும் தெரியாம 'நிறைய'ங்கற அர்த்தத்துல சில பேர் போடறாங்க. தெரிஞ்சவங்க சிரிப்பாங்க" என்று முடித்தாள்.

தெரிஞ்சவங்க சிரிப்பாங்க. வெளிநாட்டுக்காரியின் இருமல் டைப்பிஸ்டம்மாவின் காதில் மறுபடி கேட்டது. மேனேஜரின் உதடு கண்முன் வந்து நின்றது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. தப்பாகச் சொன்ன வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று. அந்த மேடையில் நடந்ததற்கு அந்த வார்த்தைதான் எவ்வளவு கச்சிதம்! இத்தனை வருஷமாக அவள் மைக்கில் அறிவித்ததெல்லாம் அதுதான். தெரியாமல் சொன்ன தப்பு என்று நினைத்தாளே, அது தெரியாமல் சொன்ன உண்மை.

மறுநாள் முதல் வேலையாக மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்தப் பேரு தப்பு சார். ஃபுல்சம்னா நான் சொன்ன அர்த்தம் இல்ல. எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "எனக்கு நீங்க மைக்ல சொன்னப்பவே தெரியும்மா. சிரிப்ப அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் சார் சொல்லல? சோப்புக்கே வெச்சாச்சே!"

"முதலாளிக்குப் பிடிச்சுப்போச்சு. அவருக்குப் பிடிச்சத நான் எதுக்குக் கெடுக்கணும்?"

"விளம்பரக்காரருக்கு?"

"அவரு படிச்சதே இங்கிலீஷ்தான். தெரியாம இருக்குமா? இதோ பாருங்க டைப்பிஸ்டம்மா. நீங்க வாய மூடிட்டு இருந்தீங்கன்னா அது நல்ல வார்த்தை. வாயத் தொறந்தீங்கன்னா கெட்ட வார்த்தை. அவ்வளவுதான் விஷயம். போய் வேலையப் பாருங்க."

அவர் மேஜையில் பாதி தின்ற கிரீம் பன் இருந்தது. பேசும்போதே ஒரு கடி கடித்தார். மீசை நுனியில் கிரீம் ஒட்டிக்கொண்டது. அதை நாக்கால் நக்கித் துடைத்தபடி அவர் சிரித்ததைப் பார்த்ததும் டைப்பிஸ்டம்மாவுக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறி வந்தது. நேராக முதலாளி அறைக் கதவைத் தட்டினாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். அப்பா காலத்துத் தொழிலைக் கட்டிக் காப்பாற்றியவர். யாருடைய சம்பளத்தையும் நிறுத்தி வைக்காதவர். ஆனால் யாரும் அவரிடம் 'இல்லை' என்று சொல்லிப் பல வருஷம் ஆகிவிட்டது. அவள் சொல்லி முடித்ததும் அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் போலச் சுருங்கியது. மேஜையில் இளஞ்சிவப்புச் சோப்புகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. அதில் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். மேனேஜரைக் கூப்பிட்டார். விளம்பரப் படம் காட்ட வந்திருந்த விளம்பரக்காரரையும் கூப்பிட்டார்.

"என்னய்யா, இந்தம்மா என்னமோ சொல்றாங்க?"

மேனேஜர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அகராதியில ஆயிரம் இருக்கும் சார். நிறையங்கற அர்த்தமும் அதுலயே போட்டிருக்கு. சனங்க எப்படி எடுத்துக்கறாங்கங்கறதுதான் முக்கியம். நிறைஞ்ச மனசுக்காரர் வெச்ச பேரு, அதுல நிறைவத் தவிர வேற என்ன சார் தெரியும்?"

"அர்த்தம் பாக்கறவன் வாத்தியாரு சார்" என்றார் விளம்பரக்காரர். "சோப்பு வாங்கறவன் வாசனையத்தான் பாப்பான். உங்க காதுக்குப் பட்டது பாருங்க, அந்தச் சத்தம்! அது கோடியில ஒருத்தருக்குத்தான் படும்."

டைப்பிஸ்டம்மா அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் ஈயையும் தூசியையும் வைத்துச் சொன்ன உதாரணமெல்லாம் தேவையே இல்லை. வார்த்தைக்கு உயிருள்ள உதாரணம் ரெண்டு, கண்முன்னே குழைந்துகொண்டு நின்றன. அதைவிடக் கொடுமை, முதலாளியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. வாடிய செடிக்குச் சாக்கடைத் தண்ணீர் விட்டாலும் நிமிரத்தானே செய்யும்.

"கேட்டீங்களாம்மா?" என்றார் முதலாளி. "அரைகுறையாத் தெரிஞ்சுட்டு வந்து ஆளைப் பதற வைக்கக் கூடாது."

அடுத்த வாரம் அவளைப் பேக்கிங் கூடத்துக்கு மாற்றினார்கள். 'அங்கே ஆள் போதவில்லை' என்றார் மேனேஜர்.

பேக்கிங் கூடம் கொப்பரைக் கொட்டகைக்கு அடுத்த கட்டு. ஜன்னலைத் திறந்தால் கொழுப்பு வாடை, சாத்தினால் ரோஜா. அச்சு இயந்திரம் 'டக் டக்' என்று ஃபுல்சம், ஃபுல்சம் என்று பதித்துத் தள்ளும். மூலை உடைந்த சோப்பைப் பொறுக்கி, மறுபடி உருக்குவதற்குக் கூடையில் போடுவதும், நல்லதை உறையில் மடிப்பதும் வேலை. கை விரல் இடுக்கெல்லாம் பிசுபிசுவென்று ஒரு படலம் ஏறிக்கொண்டது. எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை. எதை வைத்துக் கழுவுவது? மதியம் டப்பாவைத் திறந்தால் சோற்றில் ரோஜா மணத்தது. பல நாள் மூடி அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வாயாடிக்குத்தான் விஷயம் தெரிந்தாக வேண்டும். "ஏன்க்கா உங்களக் கீழ தள்ளினாங்க?"

டைப்பிஸ்டம்மா எல்லாவற்றையும் சொன்னாள், வார்த்தையின் அர்த்தம் உட்பட. வாயாடி கையில் இருந்த சோப்பைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பிறகு சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜை அடுக்கு சரிந்து விழுந்தது. அன்றிலிருந்து அந்த வார்த்தை கூடத்தில் புழங்க ஆரம்பித்துவிட்டது. மேற்பார்வையாளர் பின்னால் பல்லிளித்துக்கொண்டு போகிற ஒருத்தனைப் பார்த்து, "அதோ போகுது பாரு, ஃபுல்சம்" என்பார்கள். லீவு கேட்பதற்காக யாராவது அளவுக்கு மேல் குழைந்தால், "போதும்டி, ரொம்ப ஃபுல்சம் பண்ணாத" என்பார்கள். புருஷன் வீட்டில் திடீரென்று சமையலைப் புகழ்ந்தால், மறுநாள் வந்து, "ராத்திரி ஒரே ஃபுல்சம், என்ன தப்பு பண்ணிட்டு வந்தாரோ தெரியல" என்பாள் ஒருத்தி. டைப்பிஸ்டம்மாவுக்கு அந்த நாற்றத்துக்கு நடுவிலும் சிரிப்பு வரும். உள்ளூரில் சோப்பு என்னவோ நன்றாகத்தான் விற்றது. யாருக்கு அர்த்தம் தெரியும்?

வெளிநாட்டில் தெரிந்தது. கப்பலேறிப் போன பெட்டிகள் அப்படியே திரும்பி வந்தன. கூடத்தின் ஒரு சுவர் முழுக்க அவற்றை அடுக்கினார்கள். கடல் காற்றில் ஈரம் ஏறி, அட்டைகள் உப்பி, சோப்புகள் வியர்த்துப்போய் உறையோடு ஒட்டியிருந்தன. முதலாளியே கீழே இறங்கி வந்தார். பின்னால் மேனேஜரும் மாடி ஆட்களும்.

"இந்தப் பேர்ல சோப்ப எங்க கடையில வெச்சா சனங்க சிரிப்பாங்கன்னு அந்த வெளிநாட்டுக் கம்பெனி அம்மா போன்ல சொல்லுது!" முதலாளி ஒட்டிப்போன ஒரு உறையைப் பிய்த்துக் காட்டினார். "இத்தனை பேர் என்னச் சுத்தி இருந்தீங்களே. படிச்சவங்கதானே எல்லாரும்? ஒருத்தருக்குமா தெரியல?"

இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். டைப்பிஸ்டம்மா கையில் உறையோடு நின்றாள். வாயாடி அவள் விலாவில் இடித்தாள், 'பேசுங்கக்கா' என்று. அதற்குள் மேனேஜர் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"எங்களுக்குத்தான் சார் தெரியல. உங்களுக்கு அன்னிக்கே உறுத்திச்சு. டைப்பிஸ்டம்மா வந்து சொன்னப்ப உங்க முகம் மாறினத நான் பாத்தேன். நாங்கதான் சார் உங்களத் தடுத்துட்டோம். எங்க புத்தி அவ்வளவுதான்."

முதலாளி ஈரப் பெட்டிகளைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"ஆமா" என்றார். "எனக்கு அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு."

அதைக் கேட்டதும் டைப்பிஸ்டம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை. தட்டில் பாதி சாப்பிட்ட பிறகு அடியில் ஏதோ நெளிவதைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அவளை மறுபடி மாடிக்கு அழைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஊழியர்கள் எல்லோரையும் கூட்டி, அவளை முன்வரிசையில் உட்கார வைத்து, மைக்கை மேனேஜர் பிடித்தார். "தொழிற்சாலையின் மனசாட்சி" என்றார். "முதலாளிக்கே எடுத்துச் சொல்லும் துணிவு இந்த அம்மாவைத் தவிர யாருக்கு வரும்?" என்றார். ஆங்கிலத்தில் அவளுக்கு இருக்கிற புலமை பேராசிரியர்களுக்கே இல்லை என்றார். ஒரு காலத்தில் கைக்குட்டையால் ரிசீவரைத் துடைத்த அதே கையால் பூங்கொத்தை நீட்டினார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

அப்போது ஒன்று நடந்தது. டைப்பிஸ்டம்மாவுக்கு அது இனித்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. நெற்றி முடியைச் சரி செய்துகொண்டாள். 'பேராசிரியர்களுக்கே இல்லை' என்பதை மேனேஜர் இன்னொரு தடவை சொன்னால் தேவலை என்று இருந்தது. பொய் என்று தெரியும். சொல்கிறவன் யாரென்று தெரியும். எதற்காகச் சொல்கிறான் என்பதும் தெரியும். தெரிந்தே இனித்தது. அந்த இனிப்பு தொண்டையில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் தன்னைப் பார்த்துவிட்டாள். பூங்கொத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கழுவும் தொட்டியில் தலையைக் கவிழ்த்து, காலையில் சாப்பிட்டதையெல்லாம் கக்கினாள். வாயைத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு, வெகுநேரம் குழாயைப் பிடித்தபடி நின்றாள். உணர்ச்சிவசப்பட்டு அழுகிறாள் என்று வெளியே பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நல்லவிதமாத்தானே சொல்லியிருக்கான்? விடேன்."

"நல்லா இருந்துச்சுங்க. அதுதான் கொடுமை."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கை கழுவ எழுந்து போனார்.

மகளின் படிப்பு பாதியில் இருந்தது. வேலையை விட முடியாது. இனி மைக்கைத் தொடமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டாள். மேனேஜர் நல்ல குரலுள்ள வேறொரு பெண்ணைப் பிடித்துக்கொண்டார். முதலாளி கொஞ்ச நாள் அவளைத் தனியாக உள்ளே கூப்பிடுவார். "நீங்க சொல்லுங்கம்மா, இந்த உறை நல்லா இருக்கா?" அவள் பார்த்துவிட்டு, "நல்லால்ல சார், மருந்து டப்பா மாதிரி இருக்கு" என்பாள். அவர் தலையாட்டுவார். முகம் விழுந்துவிடும். வரவரக் கூப்பிடுவது குறைந்தது. பிறகு, எதிரே வந்தாலும் அவர் பார்வை அவள் தலைக்கு மேலே போக ஆரம்பித்தது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தாள். ஒருநாள் மாடிப்படியில் முதலாளி கையில் ஏதோ புது மாதிரிச் சோப்போடு இறங்கி வந்தார். அவளைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பல மாதத்துக்குப் பிறகு நிற்கிறார். அவர் கையில் இருப்பது சதுரமா வட்டமா என்றுகூடப் பார்க்காமல் அவள் வாய் சொன்னது: "பிரமாதம் சார்!"

முதலாளி சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். டைப்பிஸ்டம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாக்கை வெளியே நீட்டிச் சுரண்டிப் போடலாம் போல இருந்தது. மகளுக்கு அந்த வருஷம்தான் ஒரு வேலை அமைந்திருந்தது. மேலே போய், ரெண்டு வரியில் ராஜினாமாவை அடித்தாள். மேனேஜர் வாங்கிப் படித்து, "உங்கள மாதிரி ஒருத்தர் இனிமே இந்தத் தொழிற்சாலைக்கு..." என்று ஆரம்பித்தார். "சார், வேணாம்" என்று கையைக் காட்டிவிட்டு வெளியே வந்தாள்.

இப்போது அவள் இருப்பது நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில், நகலெடுக்கும் கடை ஒன்றில். மனு அடித்துக் கொடுக்கிறாள். நாள் முழுக்க வருகிறவர்கள் எல்லோரும் புகார்தான் கொண்டுவருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன், வீட்டு உரிமையாளர், மருமகன், நகராட்சி. யாரும் யாரையும் பாராட்ட வருவதில்லை. அவளுக்கு அந்த இடம் நன்றாக ஒத்துக்கொண்டது. மதியம் டப்பாவில் கொண்டுவருவது போதவில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு வந்த பெரியவர், பக்கத்து வீட்டுக் கழிவுநீர் தன் வாசலில் வந்து தேங்குகிறது என்றார். "நல்லா அழுத்தமா எழுதுங்கம்மா. கொஞ்சம் கூட்டியே எழுதுங்க."

"கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்றாள் டைப்பிஸ்டம்மா. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எப்படி நாறுதுன்னு மட்டும் சொல்லுங்க."

பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். அவள் முகத்தைச் சுளித்தபடியே, ஒரு வார்த்தை விடாமல் அடித்தாள்.